மூன்று சதம்

அம்பகாமத்துக் காவல் பரணில் சிக்னல் ஒரு கோடு.
மூலைக் கம்போடு போனைச் சாய்த்துப் பிடித்தால்
இரண்டு.

ஒரு சதம், இரண்டு சதம் மேசை.
எங்கள் கடைகளில் எப்போதோ செத்துப்போன சதம்
இங்கே டொலர்ச் சதமாய்
உயிரோடு இருக்கிறது.

பன்னிரண்டுக்கு இருபது நிமிசம் இருக்க
ஆடுதன் ஆஸ் வந்தது.
பின்னாலேயே கலாவரை ஆஸ்.
இருநூறு கைக்கு ஒருக்கால் வருகிற சோடி.
நெஞ்சு அடித்த அடியில் பரண் ஆடியிருக்கும்.
எட்டுச் சதம் வைத்தேன்.

போலந்துக் கொடி கவிழ்த்தது.
பிரேசில் கவிழ்த்தது.
கனடாக் கொடிக்காரன், பெயர் ‘சாமம்3’,
கொடுத்த முப்பது செக்கனையும் கடைசிவரை எடுத்து
யோசித்து
கவிழ்த்தான்.

மூன்று சதம்.

சற்று முன்னம் ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு
சும்மா ஒரு வீம்புக்கு எட்டுச் சதம் போட்டேன்.
அப்போதும் இதே மூன்று பேர், இதே வரிசை,
இதே மூன்று சதம்.
பயந்தவர்களின் சந்தையில்
நிறைகைக்கும் வெறுங்கைக்கும்
ஒரே விலை.

‘கொஞ்சமாய் வையடா, விலையைக் கேட்டதும் ஓடுற சனம்’
என்பான் அடுத்த பரண் குகதாசன்.
‘அவன் திருப்பி ஏத்தினால் மட்டும்
உன்ரை ராணிச் சோடியைக்
கண்ணை மூடிக்கொண்டு கிணத்திலை போடு.’
போடாமல் விட்ட இரண்டு இரவில்
அரை மூடை யூரியாக் காசு போனது.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மூன்று கிழமையாய்ச் சாமம்3-ஐப் பார்க்கிறேன்.
நூறு கையில் ஒன்பதுக்குத்தான் காசு வைப்பான்.
ஒரு சொல் எழுதியதில்லை.
பெயரைப் பார்த்தால் எங்கடை ஆள்.
இரண்டு சதத்துக்கு இப்படிப் பதுங்க
எங்கே பழகினான் என்று கேட்கலாம்.
கேட்டால் அதற்கும் கவிழ்ப்பான்.

அப்போது வேலித் தகரம் ஒருமுறை சிணுங்கியது.

வாலறுந்தான்.
அவனும் அவசரக்காரன் இல்லை.
கம்பியைக் காய்ந்த தடியால் தட்டிப் பார்ப்பான்,
மின் இருக்கிற இரவில் காட்டோரமாய் நின்று
மூச்சு மட்டும் விடுவான்.
கதிர் பால் பிடித்த நாளிலிருந்து
ரோச் அடித்து ஒரு ‘ஓய்’ போட்டாலே போய்விடுவான்.
தந்த யானை வெடி நாலும்
போன மழையில் ஊறிப்போனது
அவனுக்குத் தெரியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

ரோச் அடித்தேன்.
ஓய் என்றேன்.
குகதாசனும் தன் பரணிலிருந்து ஓய் என்றான்.

வாலறுந்தான் நின்றான்.
முழு முப்பது செக்கன்.
பிறகு கட்டையைச் சாய்த்து, கம்பியின் மேல்
ஒரு காலை
மெல்ல
வைத்தான்.

ரோச்சை அணைத்தேன்.
அதைத் தவிர என்னிடம் செய்ய ஒன்றுமில்லை.
இருட்டில் நெல் பிடுங்குப்படும் சத்தம்,
மண்ணை உதற முழங்காலில் அடிக்கிற சத்தம்,
ஆறுதலாய், கணக்குப் பார்ப்பவன்போல.
கால் ஏக்கர் இருக்கும்.
குகதாசன் மூச்சு விடவில்லை.

அவன் காட்டுக்குள் போனபிறகு போனை எடுத்தேன்.
நான் இல்லாத இருபத்தைந்து நிமிசத்தில்
என் கைகள் எல்லாவற்றையும்
மேசையே கவிழ்த்திருந்தது.
அதில் ஒன்று ராசாச் சோடி.
சாமம்3-க்கு மூன்று சதம் போயிருந்தது.

என் பெயர் அங்கே ‘அம்பகாமம்’.
அதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்,
கீழே பெட்டியில்
மூன்று கிழமையில் முதல் தடவையாய்
ஒரு சொல் கிடந்தது:

ஆனையோ?

முப்பது செக்கன் எடுத்தேன்.
மூலைக் கம்புக்குப் போய், இரண்டு கோடு வரும்வரை நின்று
‘ஓம்’ என்று எழுதினேன்.

அடுத்த கை வந்தது.
இரண்டு பேரும்
பார்க்காமலே கவிழ்த்தோம்.